குன்னூர்க் குளிரில் பொறிவண்டுப் பெட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளின் பூச்சித் தொல்லைக்கென்று கோவையிலிருந்து கூரியரில் வரும் ஒரு பெட்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. பெட்டிக்குள் மாவுப்பூச்சியைத் தின்னும் உயிருள்ள பொறிவண்டுகள் முப்பது, அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள் ஒட்டிய அட்டை ஒன்று, மஞ்சள் ஒட்டும் அட்டைகள் ஐந்து, வேப்ப எண்ணெய் 100 மில்லி, பூச்சிகளுக்கு நோய் உண்டாக்கும் பூஞ்சணத்தின் பொடி 100 கிராம், இவற்றோடு ஒரு விளக்கத்தாள் ஆகியவை இருக்கும். விலை 950 ரூபாய். கூரியர் கட்டணம் தனி. இதே அமைப்பில் வேறு சிலரும் விற்கிறார்கள் என்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை எந்தப் பெட்டிக்கும் பொருந்தும் என்பதாலும் விற்பவரின் பெயரை இங்கே எழுதவில்லை. சென்ற அக்டோபரில் ஒன்றும் இவ்வாண்டு மார்ச்சில் ஒன்றுமாக இரண்டு பெட்டிகள் வாங்கினேன். ஒரே பெட்டிதான், முதல் முறை காசு வீணாயிற்று, இரண்டாம் முறை நான் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. இரண்டுக்கும் இடையே மாறியது என் வராண்டாவின் வெப்பநிலை மட்டுமே என்று சொல்லிவிடலாம், கூடவே என் அறியாமையும் சற்றுக் குறைந்திருந்தது.

எங்களுடையது குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு மேற்புறச் சரிவில் உள்ள பழைய ஓட்டு வீடு. முன்பக்கம் முழுவதும் சிறு சிறு கண்ணாடிச் சதுரங்களால் அடைத்த வராண்டா. அதில் ஏறத்தாழ அறுபது தொட்டிகள் இருக்கின்றன: சிம்பிடியம் ஆர்க்கிட், பெகோனியா, ஃபுஷியா, ஜெரேனியம், கோலியஸ், கொஞ்சம் கள்ளி வகைகள். அதே வராண்டாவில்தான் காலை ஒன்பது மணிக்கு மேல் என் மாமியார் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெயில் காய்வார். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் எங்களுக்கு மருந்தடிக்கும் வாடை புதிதன்று. ஆனால் மலைச்சரிவில் அடிக்கும் மருந்து காற்றோடு போய்விடும், குளிருக்குப் பயந்து எந்நேரமும் சாத்தியே கிடக்கும் கண்ணாடி வராண்டாவுக்குள் அடித்தால் அது போக வழியின்றி நாற்காலியிலும் திரைச்சீலையிலும் சுவாசத்திலும்தான் தங்கும். ஆகவே ரசாயன மருந்து வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் கொள்கை அல்ல, கட்டாயம்.

தொல்லை முதன்மையாக மாவுப்பூச்சியால். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அரிசி நொய் அளவில், மாவில் புரட்டி எடுத்தாற்போல வெளுத்து, கணுக்களிலும் இலைக்காம்பின் இடுக்கிலும் அசையாமல் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி அது. உறிஞ்சிய சாற்றில் தனக்குத் தேவைப்படாத சர்க்கரையைப் பிசுபிசுப்பாக வெளியேற்றும். அந்தப் பிசுக்கின்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை அடுப்புக்கரி பூசியதுபோல ஆகிவிடும். மேலே இருக்கும் மெழுகுப் பூச்சு தண்ணீரை மட்டுமன்றி மருந்தையும் உருட்டித் தள்ளிவிடுவதால், அடிக்கும் மருந்து எதுவானாலும் பாதிப் பூச்சிக்குச் சேர்வதில்லை. ஆர்க்கிட்டின் இலையுறைக்குள், நாம் விரலை நுழைக்க முடியாத இடத்தில், குடும்பம் குடும்பமாக இருக்கும். இவற்றுக்கு அடுத்தபடியாக ஃபுஷியா மொட்டுகளில் பச்சை அசுவினி, ஈரத் தொட்டிகளில் கொசுபோல் மொய்க்கும் பூஞ்சை ஈ, பிப்ரவரி வறட்சியில் இலையடியில் நூல் கட்டும் செஞ்சிலந்திப்பேன் ஆகியவை.

முதல் பெட்டியை அக்டோபர் கடைசியில் வரவழைத்தேன். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை என்பதும், அந்த வாரங்களில் மேட்டுப்பாளையம் சாலையில் எங்காவது மண் சரிந்து வண்டிகள் கோத்தகிரி வழியாகச் சுற்றி வருவதும் இங்குள்ள குழந்தைக்கும் தெரியும்; எனக்குத் தெரிந்திருந்தும் ஆர்டர் செய்தேன். ஒரே நாளில் வரவேண்டிய பெட்டி நான்காம் நாள் வந்தது. உள்ளே மருந்துக் குப்பி போன்ற ஒரு டப்பா, வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தது. உள்ளே கத்தரித்த காகிதத் துண்டுகள், தேன் தோய்த்த பஞ்சு. மேசைமேல் வெள்ளைத் தாளை விரித்துக் கொட்டினேன். பொறிவண்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் சிவப்பும் கரும்புள்ளியும் இவற்றுக்குக் கிடையாது. மிளகைவிடச் சற்றுச் சிறியவை, உடல் கறுப்பு, தலையும் பின்முனையும் மட்டும் செம்பழுப்பு. முப்பதில் பத்தொன்பது நகர்ந்தன. மற்றவை கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தன. அவற்றில் நான்கு, உள்ளங்கைச் சூட்டில் சிறிது நேரம் வைத்த பிறகு எழுந்துகொண்டன.

அந்த நான்கு வண்டுகளே எனக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். விளக்கத்தாளில் மாலையில் செடிகளின் அடியில் விடுமாறு எழுதியிருந்தது, அப்படியே விட்டேன். மறுநாள் காலை பாதி வண்டுகள் கண்ணாடிச் சதுரங்களின் மேல்விளிம்பில், வெளிச்சம் வரும் பக்கம் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தன. மீதி எங்கே என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் இரண்டைக் கோலியஸ் கணுவில் கண்டேன். மாவுப்பூச்சிக்கு ஓர் அங்குலம் தள்ளி, கோவிலில் கால் நீட்டி உட்கார்ந்த பக்தரைப்போல அசையாமல் இருந்தன. ஒரு வாரத்தில் கண்ணாடியின் கீழ்ச்சட்டத்தில் இறந்த வண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டினேன். மாவுப்பூச்சி பெருகியதே தவிரக் குறையவில்லை.

காரணம் எளிது. கிரிப்டோலேமஸ் மான்ட்ரூசியரி என்ற இந்த வண்டு கிழக்கு ஆஸ்திரேலியாவின் வெதுவெதுப்பான பகுதியைச் சேர்ந்தது. 22 முதல் 28 டிகிரி வரையிலான வெப்பத்தில் அது சுறுசுறுப்பாக இரை தேடும், முட்டையிடும். 16 டிகிரிக்கு அருகில் வந்தால் மந்தமாகிவிடும். என் வராண்டாவில் அந்த வாரம் மழை மூட்டத்தால் பகலில் 17, இரவில் 12 டிகிரி. நான் வாங்கியது வேட்டைக்காரனை, விட்டது குளிர்பெட்டியில். இந்த ஓர் எண்ணை விளக்கத்தாளில் அச்சிட்டிருந்தால் போதும், நான் மார்ச் வரை காத்திருந்திருப்பேன். தாளில் இருந்ததோ, 'அறை வெப்பநிலையில் பயன்படுத்தவும்' என்ற ஒற்றை வரி. கோவையின் அறை வேறு, குன்னூரின் அறை வேறு என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை.

விற்பவரைத் தொலைபேசியில் அழைத்தேன். இளைஞர், பொறுமையாகப் பேசினார். "மேடம், ஊட்டி சைடுக்கு நாங்க நிறைய அனுப்புறோம், கம்ப்ளெயின்ட் வந்ததில்ல" என்றார். எந்த மாதத்தில் அனுப்பினீர்கள் என்று கேட்டதற்கு, சற்று யோசித்து, "சீசன் டைம்லதான்" என்றார். சீசன் என்றால் ஏப்ரல், மே. பணத்தைத் திருப்பித் தரவில்லை. இறந்து வந்தவற்றுக்கு ஈடாக அடுத்த முறை பத்து வண்டுகள் கூடுதலாக அனுப்புவதாகச் சொன்னார், சொன்னபடியே மார்ச்சில் அனுப்பினார் என்பதையும் எழுதிவிட வேண்டும். உயிருள்ள பொருளை விற்பவர் அது எந்தச் சூழலில் உயிரோடிருக்கும் என்பதை வாங்குபவரிடம் முதலிலேயே கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆர்டர் எடுக்கும்போது ஊர்ப்பெயரைக் கேட்டவர்கள், ஊரின் உயரத்தைக் கேட்கவில்லை.

அத்தோடு விட்டுவிடலாம் என்றிருந்த என்னைத் தடுத்தது பழைய செய்தி ஒன்று. இந்த வண்டு இங்கே புதிய சரக்கு அன்று. காபிச் செடியைத் தாக்கிய பச்சைச் செதில்பூச்சியை ஒழிப்பதற்காக 1898ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் ஒரு பூச்சியை அடக்க இன்னொரு பூச்சியைத் திட்டமிட்டு இறக்கிய முதல் நிகழ்ச்சியாக அதைத்தான் சொல்வார்கள். வந்த வேலையில் அது தோற்றது, ஆனால் மாவுப்பூச்சியைத் தின்று இங்கேயே தங்கிவிட்டது. நீலகிரிக்கே உரிய கதை வேறொன்று: நம் மலைகளில் சீகை (வாட்டில்) மரங்களைப் பஞ்சு போர்த்தியதுபோலச் சூழ்ந்த ஐசீரியா என்ற செதில்பூச்சியை, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரொடோலியா கார்டினாலிஸ் என்ற சிறு சிவப்பு வண்டைக் கொண்டுவந்து விட்டு அடக்கினார்கள். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை 1888க்குப் பின் அதே பூச்சியிடமிருந்து மீட்டதும் அந்த வண்டுதான். அண்மைக் காலத்தில், 2008இல் கோவைப் பகுதியில் தோன்றிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழகமெங்கும் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010இல் வரவழைத்த அசிரோஃபேகஸ் என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவி ஒன்று அடக்கியது. ஆக, முறை பொய்யன்று. எந்தப் பூச்சிக்கு எந்த எதிரி, எந்தத் தட்பவெப்பத்தில் என்பதைப் பொருத்தமாகத் தேர்ந்தார்களா என்பதே கேள்வி. சீகை மரத்து வண்டைத் தேர்ந்தவர்கள் தேர்ந்திருந்தார்கள்; நான் தேரவில்லை.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெட்டியிலிருந்த வேப்ப எண்ணெயோடு காலம் தள்ளினேன். இதிலும் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர் காலையில் குப்பியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது; நெய்போல உறைந்திருக்கும். அதைக் கொதிநீரில் வைத்து உருக்கினால் பூச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின் என்ற சத்து சிதையும். ஆகவே குளிக்கப் பயன்படும் அளவு வெதுவெதுப்பான நீரில் குப்பியைக் கால் மணி நேரம் நிறுத்தி, உருகிய எண்ணெய் 5 மில்லியை முதலில் அரைத் தேக்கரண்டி காதி சோப்புக் கரைசலோடு நன்றாகக் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் வெதுநீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். பால்போல வெளுத்தால்தான் கலந்தது என்று பொருள். மேலே எண்ணெய்த் திட்டு மிதந்தால் அது இலையைச் சுட்டுவிடும். என் பெகோனியா இரண்டு அப்படித்தான் ஓரம் கருகின. மாலையில், இலையின் அடிப்புறத்தில் படும்படி அடித்து, ஏழு நாளுக்கு ஒரு முறை மூன்று தடவை செய்தேன்.

வேம்பு தொட்டவுடன் கொல்லும் மருந்தல்ல என்பதை வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பூச்சியின் பசியைக் குறைத்து, தோலுரித்து வளர்வதைக் கெடுத்து, மெல்லத்தான் வேலை செய்யும். நாள்தோறும் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் குஞ்சுகள் குறைந்திருக்கும். வளர்ந்த மாவுப்பூச்சிகளுக்கு மீன் எண்ணெய்ச் சோப்பு, லிட்டருக்கு 25 கிராம், இதைவிட நன்றாகக் கேட்டது. அது பெட்டியில் இல்லை, ஊரில் உரக்கடையில் வாங்கினேன். நாற்றத்தை மாமியார் மூன்று நாள் பேசினார். பெட்டியில் வரும் எண்ணெயின் மீது எனக்கு ஒரு தீர்மானமான புகார் உண்டு: குப்பியில் அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று எழுதவில்லை. உரக்கடையில் 300, 1500, 10000 என்று வெவ்வேறு செறிவில் விற்பார்கள்; எது என்று தெரியாமல் லிட்டருக்கு எத்தனை மில்லி என்று அளப்பது, உப்பு எவ்வளவு கரிக்கும் என்று தெரியாமல் குழம்புக்குப் போடுவதற்குச் சமம்.

மார்ச் இரண்டாம் வாரத்தில் வராண்டாவின் பகல் வெப்பம் 24 டிகிரியைத் தொட்டது. அதற்கு மூன்று வாரம் முன்பே வேப்ப எண்ணெயையும் சோப்பையும் நிறுத்திவிட்டேன். இலையில் எண்ணெய்ப் படலம் இருக்கும்போது வண்டை விட்டால், நாம் பணம் கொடுத்து வாங்கியதற்கு நாமே மருந்து வைப்பதாகும். இரண்டாவது வேலை எறும்பு. மாவுப்பூச்சியின் தேன்பிசுக்குக்காக எறும்புகள் அதை ஆட்டு மந்தைபோலக் காவல் காக்கும், வண்டு வந்தால் கடித்துத் துரத்தும். அந்தக் காலத்தில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதேபோலச் செடி அடுக்கின் நான்கு கால்களையும் நிறுத்தினேன். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கிளைகளை வெட்டினேன். மூன்றாவதாக, கண்ணாடிக்கு வண்டுகள் பறப்பதைத் தடுக்க, பழைய கொசுவலையைக் கத்தரித்து, மிக மோசமாகப் பாதித்த ஆறு தொட்டிகளை ஒன்றாகச் சேர்த்து மூடி, கீழே கல் வைத்து அழுத்தினேன். விளக்கத்தாளில் எறும்பைப் பற்றியும் வலையைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது.

இம்முறை பெட்டி மறுநாளே வந்தது. கூடுதல் பத்தும் சேர்த்து நாற்பதில் முப்பத்தாறு உயிரோடு இருந்தன. வலைக்குள் விட்ட அன்று மாலையே கோலியஸ் தண்டில் ஒரு வண்டு மாவுப்பூச்சியின் முட்டைப்பையைக் கிழித்துத் தின்பதைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பஞ்சு மெத்தையைப் பிரித்து உள்ளே தலையை விட்டுத் துழாவுவதுபோல இருந்தது. வலையை எட்டு நாள் கழித்து எடுத்தேன். அதற்குள் வண்டுகள் அந்த இடத்தோடு பழகிவிட்டன, அல்லது பறக்கும் அவசரம் போய்விட்டது.

இரண்டாம் வாரத்துக்குப் பின் ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பியபோது மாமியார் ஒரு சின்னத் தட்டை என்னிடம் நீட்டினார். "ஏம்மா, நீ காசு குடுத்து விட்ட வண்டு ஒண்ணும் கிழிக்கல. பூச்சி முன்னைக்கு மூணு பங்கு பெருசா ஆயிடுச்சு. நானே பொறுக்கிட்டேன்" என்றார். தட்டில் பதினொரு வெள்ளைப் பூச்சிகள், நல்லவேளையாகச் சாகாமல் நெளிந்துகொண்டிருந்தன. அவை மாவுப்பூச்சி அல்ல, வண்டின் புழுக்கள். இந்த வண்டின் புழு உடல் முழுக்க வெள்ளை மெழுகு இழைகள் தொங்க, இரையைப்போலவே வேடமிட்டு இரைக்கு நடுவில் திரியும். தெரியாதவர்கள் முதலில் கொல்வது அதைத்தான். மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். படம் போடாத விளக்கத்தாளைத்தான் குறை சொல்வேன். வேறுபாடு தெரிந்துகொள்ள இரண்டு குறிகள் போதும்: வளர்ந்த புழு மாவுப்பூச்சியைப் போல மூன்று மடங்கு நீளம், இழைகளும் நீளமாகச் சிலிர்த்திருக்கும், குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சி இருந்த இடத்திலேயே இருக்கும், புழு விறுவிறுவென்று ஓடும். பதினொன்றையும் ஓவியத் தூரிகையால் எடுத்துத் திரும்பக் கோலியஸில் விட்டேன். அன்றிலிருந்து மாமியார்தான் அவற்றின் காவலர், வருபவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

ஏப்ரல் முடிவில் கோலியஸ், குரோட்டன், ஒரு காபிச் செடி ஆகியவற்றில் மாவுப்பூச்சியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஆர்க்கிட்டுகளில் அப்படி நடக்கவில்லை, இதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வாரம் ஆயிற்று. மாவுப்பூச்சி ஒரே வகை அல்ல. கோலியஸில் இருந்தது பஞ்சுப்பை கட்டி அதற்குள் முட்டையிடும் வகை. ஆர்க்கிட்டில் இருந்ததோ பின்புறம் இரண்டு நீண்ட வால் இழைகள் கொண்ட வகை. அது முட்டைப்பை கட்டாது, குஞ்சாகவே ஈனும். பெண் வண்டுக்கு முட்டையிடத் தூண்டுதலாக இருப்பதே அந்தப் பஞ்சுப்பைதான். அதற்குள்ளேயோ பக்கத்திலேயோதான் தன் முட்டையை வைக்கும். பை இல்லாத இடத்தில் வண்டு இருக்கும் பூச்சிகளைத் தின்னும், ஆனால் குடும்பம் நடத்தாது. வாங்கிவிட்ட வண்டுகள் செத்ததும் கதை முடிந்துவிடும். எனவே வாங்குமுன் உங்கள் செடியில் பஞ்சுப்பை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தப் பெட்டி காசுக்குத் தகும். வால் நீண்ட பூச்சிதான் என்றால், தேய்ப்புச் சாராயம் (ரப்பிங் ஆல்கஹால்) தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைப்பதைவிட நல்ல வழியை நான் இன்னும் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்று செலவாகும். வானொலி கேட்டுக்கொண்டே செய்யலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்டு வளர்க்கும் வீட்டில் மாவுப்பூச்சியை அடியோடு ஒழிக்க நினைக்கக் கூடாது. கடைசிப் பூச்சியும் போனால் வண்டும் பட்டினி கிடந்து போய்விடும். ஒரு கோலியஸ் தொட்டியை நான் வேண்டுமென்றே பூச்சியோடு விட்டு வைத்திருக்கிறேன். விற்பவர்கள் வண்டு வளர்க்க முழுப் பரங்கிக்காயில் மாவுப்பூச்சியைப் பெருக்கி, அந்தக் காயைக் கூண்டுக்குள் வைத்து வண்டுகளை விடுகிறார்கள். முறை வேளாண் பல்கலைக்கழகம் உழவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். நானும் ஒரு காயில் முயன்றேன். மலையில் கூண்டைச் சூடாக வைத்திருக்க வழியில்லாமல் காய் அழுகிக் குப்பைக்குழிக்குப் போனது.

கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையட்டை இந்தப் பெட்டியில் மலிவான, ஆனால் மதிப்புள்ள பகுதி. காகிதப் பட்டையில் வெளிறிய பச்சை முட்டைகள் தூவியிருக்கும். சமவெளியில் மூன்று நான்கு நாளில் பொரிக்கும் என்று தாள் சொல்கிறது. என் வராண்டாவில் எட்டாம் நாள் பொரித்தன. ஐந்தாம் நாளே தூக்கிப் போட்டிருந்தால் அது என் தவறாகவே இருந்திருக்கும். வெளிவரும் புழு குட்டி முதலையைப்போல அரிவாள் தாடையோடு இருக்கும், அசுவினியைக் குத்தித் தூக்கி உறிஞ்சிச் சக்கையை விடும். பசித்தால் உடன்பிறந்தவற்றையும் தின்னும் என்பதால் பட்டையை முழுதாக ஒரே செடியில் தொங்கவிடாமல் நகம் அளவுத் துண்டுகளாக வெட்டிச் செடிக்கு ஒன்றாகச் செருக வேண்டும். ஃபுஷியாவின் அசுவினி பத்து நாளில் அடங்கிற்று. வளர்ந்த பூச்சி மகரந்தமும் தேனும் உண்ணும் சாது. பொழுது சாய்ந்ததும் விளக்கைச் சுற்றும், சன்னலைத் திறந்து வெளியே விட்டுவிடலாம்.

மழைக்காலத்துக்கு வருவோம். ஜூன் முதல் வண்டுகள் மறுபடி மந்தமாயின. ஆனால் அப்போதுதான் பெட்டியின் பூஞ்சணப் பொடிக்கு வேளை வந்தது. உறையில் வெர்டிசிலியம் லெக்கானி என்று பழைய பெயரே அச்சாகியிருக்கிறது. பின்னர் அதை லெக்கானிசிலியம் என்று மாற்றினார்கள். பூச்சியின் தோலில் விழுந்து முளைத்து உள்ளே வளர்ந்து கொல்லும் பூஞ்சணம் இது. முளைப்பதற்குக் காற்றில் நல்ல ஈரமும் மிதமான வெப்பமும் வேண்டும். கோவையின் கோடையில் தவிக்கும் இந்தப் பூஞ்சணத்துக்குக் குன்னூரின் ஜூலை பிறந்தகம்போல. லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மாலையில் அடித்தேன். வாரம் ஒன்றாக மூன்று முறை. ஆர்க்கிட்டின் வால் நீண்ட பூச்சிகளில் பல பழுத்த நிறமாகிச் சுருங்கி, மேலே வெண்பூசணம் பூத்துச் செத்துக் கிடந்தன. வண்டு கைவிட்ட செடியை இது தாங்கியது.

இதில் இரண்டு தொந்தரவுகள். பொடி முகப்பவுடர் செய்யும் அதே கல்மாவில் கலந்தது என்பதால் இலையெல்லாம் வெள்ளைத் திட்டாகிவிடும். மருந்தடித்த செடிக்கும் பூச்சி பிடித்த செடிக்கும் வேறுபாடு தெரியாது, மாமியார் மறுபடி தட்டோடு வந்துவிடுவார் என்று அஞ்சினேன். இரண்டாவது, உலர்ந்த பொடியைக் கரைக்கும்போது பறக்கும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் முகக்கவசம் கட்டிக்கொண்டு, வெளியே குழாயடியில் வைத்துக் கரைத்து, அடித்த பின் சில மணி நேரம் அவர்களை அந்தப் பக்கம் விடாமல் இருப்பது நல்லது. இயற்கை என்று உறையில் எழுதியிருப்பதால் நுரையீரல் அதை வரவேற்றுவிடாது. மேலும், நுண்ணுயிர் மருந்துகளும் வேம்பு மருந்துகளும் 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்து விற்க வேண்டியவை. பொடியின் உறையில் பதிவெண்ணும் காலாவதி நாளும் இருந்தன, எண்ணெயில் இல்லை.

மஞ்சள் அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூஞ்சை ஈயைப் பிடிக்கின்றன. ஆனால் வண்டு விட்ட வாரத்தில் அவற்றை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், நான் இரண்டு வண்டுகளை அதிலிருந்து பிய்த்தெடுத்தேன். பூஞ்சை ஈக்கு அட்டையைவிட, தொட்டியின் மேல்மண்ணைக் காயவிட்டு ஒரு விரற்கடை ஆற்றுமணல் பரப்பியதே பயன்பட்டது. செஞ்சிலந்திப்பேனுக்கு இந்தப் பெட்டியில் மருந்தே இல்லை. பிப்ரவரியில் இலையின் அடிப்புறத்தைத் தினமும் தண்ணீர்த் தெளிப்பானால் கழுவியே சமாளித்தேன்.

விலையைப் பொறுத்தவரை 950 ரூபாய் என்பது முழுப் பெட்டியாக வாங்கினால் அதிகம், ஏனெனில் மலையில் எந்த மாதத்திலும் ஐந்து பொருள்களும் ஒருங்கே வேலை செய்யாது. மார்ச்சிலிருந்து மே வரை வண்டும் முட்டையட்டையும், ஜூனிலிருந்து மழை முடியும்வரை பூஞ்சணப் பொடி, குளிர் மாதங்களில் வேம்பும் சோப்பும் பஞ்சுக்குச்சியும் என்று பிரித்து வாங்குவதே பொருத்தம். எண்ணெய், சோப்பு, பொடி மூன்றும் குன்னூரிலோ ஊட்டியிலோ உள்ள உரக்கடைகளில் கிடைக்கும். பயனுள்ள பூச்சிகளைப் பெரிய அளவில் நாடுபவர்கள் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தையும் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையையும் விசாரிக்கலாம். வீட்டு அளவுக்கு இந்தச் சிறு விற்பனையாளரின் டப்பாவே கைக்கு அடக்கமானது. பேக்கிங்கில் பிளாஸ்டிக் குறைவு என்பதையும் பாராட்ட வேண்டும். வெளிப்பெட்டியும் நிரப்பியும் காகிதம், எனவே பிளாஸ்டிக்கைத் தடுக்கும் நம் மாவட்டத்துச் சோதனைச்சாவடிக்கு அதனிடம் வேலை இல்லை.

சென்ற வாரம் விற்பவரை மறுபடி அழைத்து, பெட்டி வேண்டாம், வண்டும் முட்டையட்டையும் மட்டும் தனியாகத் தர முடியுமா என்று கேட்டேன். தரலாம், 400 ரூபாய் ஆகும் என்றார். எப்போது அனுப்பட்டும் என்று அவர் கேட்டதற்கு, வராண்டாவின் வெப்பமானி தொடர்ந்து ஐந்து நாள் 22 டிகிரிக்கு மேல் காட்டியதும் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்று காலை அது 14 காட்டியது. கோலியஸ் தண்டின் அடியில் பழைய கூட்டத்திலிருந்து ஒரு வண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மாமியார் நாற்காலியை அதற்கு வெயில் மறைக்காதபடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.